அறிவியல் புனைவுத் தொடரில் முன்குறிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

கணவன் தன் கையைப் பிடித்துப் பெரிய நகரம் ஒன்றுக்கு அழைத்துப் போனதாகவும், அங்கே ஊரார் தகாத பழியொன்றைச் சொன்னதாகவும் கனவு கண்டேன் என்று கண்ணகி தேவந்தியிடம் சொல்கிறாள். அந்தக் கனவில் மதுரையின் பெயரும் இல்லை, சிலம்பும் இல்லை. ஆனாலும் கதை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. பின்னால் வரப்போவதை இப்படி முன்பே உணர்த்துவதுதான் முன்குறிப்பு. அறிவியல் புனைவுத் தொடர்களின் ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசித் தீர்க்காத விஷயம் இது. அந்தப் பேச்சில் புதிதாகக் கலந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பெரிதும் எடுத்துக்காட்டுவது, அதே பெயருள்ள விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் பாபிலோன் 5 என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை. ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து பருவங்களுக்கான ஒரே கதையாக முன்கூட்டியே திட்டமிட்டு, 110 அத்தியாயங்களில் 92-ஐத் தாமே எழுதிய தொடர் அது. முன்குறிப்பைப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்காதவர்கள் மூன்றாம் படியையும் கடைசிப் படியையும் தாண்டிவிடுங்கள். முக்கியத் திருப்பங்கள் அங்கே வெளிப்படுகின்றன.

முதல் படி: சும்மா பாருங்கள். முதல்முறை பார்க்கும்போது துப்பறியக் கூடாது. அத்தியாயம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைய கதைக்குத் தேவைப்படாமலே வந்துபோனது எது? அதை ஒரு வரியில் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: திரும்ப வருவதைக் கவனியுங்கள். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரின் 2005-ஆம் ஆண்டுப் பருவத்தில் 'பேட் வுல்ஃப்' (கெட்ட ஓநாய்) என்ற சொல் ஹெலிகாப்டரின் அழைப்புப் பெயராகவும், சிறுவன் ஒருவன் கிறுக்கும் எழுத்தாகவும், வெல்ஷ் மொழியில் ஓர் அணுமின் நிலையத்தின் பெயராகவும் வருகிறது. ஒருமுறை வந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வேடம் மாற்றி மாற்றி வந்தால் பட்டியலில் சேருங்கள்.

மூன்றாம் படி: 'என்ன நடக்கும்' என்பதை விட்டு 'ஏன் நடக்கும்' என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை முக்கியமான படி இதுதான். பெரும்பாலான விவாதங்கள் இங்கேதான் வழுக்குகின்றன. 1994-இல் ஒளிபரப்பான முதல் பருவத்தின் முதல் அத்தியாயத்திலேயே, தூதர் லொண்டோ தன் சாவைக் கனவில் கண்டதாகச் சொல்கிறார். முதுமையில் அவரும் எதிரி இனத்துத் தூதர் ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி சாவார்களாம். இருவருக்கும் உள்ள பகையைப் பார்க்கும் யாருக்கும் இதில் புதிர் இருப்பதாகவே தோன்றாது.

1996-இல், மூன்றாம் பருவத்தில், அந்தக் காட்சி கண்முன் விரிகிறது. கனவில் கண்டது அப்படியே நடக்கிறது. ஆனால் லொண்டோவின் உடலில் ஒட்டி அவரை ஆட்டுவிக்கும் ஓர் உயிரினம் இருக்கிறது. அதைக் குடியால் உறங்கவைத்துவிட்டு, தன்னைக் கொன்று விடுவிக்கும்படி ஜிகாரிடம் அவரே கேட்கிறார். உயிரினம் விழித்துக்கொண்டு எதிர்த்துப் போராடுவதால்தான் அவருடைய கைகளும் ஜிகாரின் கழுத்துக்குப் போகின்றன. இத்தனை காலம் வெறுப்பு என்று நாம் நம்பியது, காலப்போக்கில் நண்பனாகிவிட்ட பழைய எதிரியிடம் கேட்ட கருணை. நிகழ்வை முன்பே நம் கையில் கொடுத்துவிட்டுக் காரணத்தை மட்டும் ஒளித்துவைத்தார் எழுத்தாளர். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

ஆகவே உங்கள் குறிப்பேட்டில் 'லொண்டோ சாவார்' என்று எழுதினால் போதாது. 'இந்தச் சாவுக்குப் பகை தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?' என்று எழுதுங்கள்.

நான்காம் படி: ஊகத்தை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். எது நடந்தால் உங்கள் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் அதனுடன் எழுதுங்கள். 'அப்போதே நினைத்தேன்' என்று பிறகு சொல்வது யாருக்கும் எளிது.

ஐந்தாம் படி: பேசும்போது, எந்த அத்தியாயம் வரை பார்த்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். முழுவதும் பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'அந்தக் கனவை மறந்துவிடாதே' என்று புதியவரிடம் சொல்லாதீர்கள். கதையைச் சொல்லவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அவர் தானே கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒன்றை அவரிடமிருந்து பறித்துவிட்டீர்கள்.

ஆறாம் படி: முடிந்ததும் முதலிலிருந்து பாருங்கள். முன்குறிப்பா, தற்செயலா என்பது இரண்டாம் பார்வையில்தான் தெளியும். முதல்முறை ஒரு பொருளும் இரண்டாம் முறை வேறொரு பொருளும் தந்து, இரண்டு முறையும் காட்சி இயல்பாக நின்றால் அது உண்மையான முன்குறிப்பு. சொல்லை வளைத்து நெளித்துத்தான் பொருத்த முடிகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

திட்டங்களும் மாறும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முதல் பருவத்தின் தளபதி சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் அந்தப் பருவத்துடன் விலகினார். புரூஸ் பாக்ஸ்லைட்னர் புதிய தளபதி ஷெரிடனாக வந்தார். எந்தப் பாத்திரம் விலகினாலும் கதை தொடர ஸ்ட்ராசின்ஸ்கி மாற்றுவழிகளை வைத்திருந்தார். பாபிலோன் 5-க்கு முன்பு கட்டப்பட்டுக் காணாமற்போன பாபிலோன் 4 நிலையம் பற்றி முதல் பருவத்தில் விதைத்ததை, சின்க்ளேரைத் திரும்ப அழைத்து மூன்றாம் பருவத்தில் வேறு கோணத்தில் முடித்தார். அந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எது முதலிலேயே இருந்தது, எது பிறகு ஒட்டியது என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பேச வாருங்கள்.