ஓடையில் கூழாங்கல் தெரியும்படி படமெடுப்பது எப்படி?

வால்பாறை கூழாங்கல் ஆற்றில் முதல்முறை நான் எடுத்த படங்கள் ஒன்றில்கூடக் கூழாங்கல் இல்லை. நேரில் கணுக்காலளவுத் தண்ணீருக்கடியில் ஒவ்வொரு கல்லும் பளிச்சென்று தெரிந்தது. படத்திலோ வெளுத்த வானம்தான். இரண்டாம் முறை போனபோதுதான் சரியாக வந்தது. மேனுவல் மோடில், அதாவது ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓவை நாமே அமைத்து, எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நேரம். மேகமூட்டமான காலைதான் நல்லது. உச்சி வெயிலில் இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத் திட்டுகள் படத்தில் வெள்ளை ஓட்டைகளாகிவிடும்.

அடுத்து ட்ரைபாட். கால்களை மணலில் வைத்தால் தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டே போகும். அழுத்தி ஊன்றுங்கள், அல்லது பாறையில் வையுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். வேலை செய்துகொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, உடனே கரையேறிவிடுங்கள். ஆற்றின் மேல்பகுதியில் மழை பெய்திருக்கும், திடீரென வெள்ளம் வரலாம்.

இப்போது என்னைத் தடுக்கிவிழ வைத்த இடம்: போலரைசர், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் ஒரு ஃபில்டர். இது வெயிலுக்கு மட்டும் என்று நினைத்து மேகமூட்டத்தில் பையிலேயே வைத்திருந்தேன். தப்பு. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வெட்டுவதுதான் அதன் வேலை. வெயில் இல்லாவிட்டாலும் வெட்டும். ஆனால் கோணம் முக்கியம். குனிந்து தண்ணீரை நேர்மேலிருந்து பார்த்தால் பலன் அநேகமாக இல்லை. பார்வை நீர்ப்பரப்போடு 35 முதல் 40 டிகிரி சாய்வில் இருக்கும்படி கேமராவை இறக்குங்கள். ஃபில்டரை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் திரை விலகினாற்போல வானம் மறைந்து, பழுப்பும் சாம்பலுமாகக் கற்கள் மேலெழும். அங்கே நிறுத்துங்கள்.

இதுவரை சரி. அப்புறம் கேமராவை நெட்டுவாக்கில் திருப்பினேன், கற்கள் மறுபடி காணாமல் போயின! கேமராவோடு ஃபில்டரும் 90 டிகிரி திரும்பிவிட்டது, அவ்வளவுதான். கேமராவைத் திருப்பும்போதெல்லாம் ஃபில்டரையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போனது.

அமைப்புகள்: ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/11, ஷட்டர் கால் விநாடியில் தொடங்கி ஒரு விநாடிவரை. வேகமான ஓட்டத்துக்குக் கால் விநாடியே போதும், நீரின் இழைகள் தெரியும். பல விநாடிகள் திறந்துவைத்தால் வெறும் பஞ்சு. எனக்கு அது பிடிக்காது. நுரை வெளுத்துப்போனால் வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள். ஃபோகஸைப் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் வேண்டாமா? முதலில் போலரைசர் வாங்குங்கள். அதுவே ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைக் குறைத்துவிடும். திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் மலிவான வேரியபிள் என்டி பக்கம் போகாதீர்கள். அகலக் கோண லென்ஸில் முழுசாகத் திருப்பினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பெருக்கல் குறி விழும்.

பின்சேர்க்கை: போனில் முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு அதைத் திறந்து லாங் எக்ஸ்போஷரைத் தேர்ந்தெடுங்கள். கற்கள் தெரிய, போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கைரேகையைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். நான் துடைக்காமல் எடுத்ததில் ஆறு முழுக்கப் பனிமூட்டம்.