நாம் எழுதியது தேடினால் கிடைக்கிறதா?

பழைய புத்தகங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதி என் தளத்தில் போட்டிருந்தேன். மறுவாரம் கைப்பேசியில் அதன் தலைப்பை அப்படியே தட்டித் தேடினேன். முதல் இடத்தில் வந்தது. மனம் நிறைந்துவிட்டது. நாலு மாதம் கழித்து நண்பர் ஒருவர், "அலமாரியில் பூச்சி வந்துவிட்டது என்று தேடு தேடென்று தேடினேன், உங்கள் கட்டுரை கண்ணில் படவே இல்லையே" என்றார். 'காகிதம் தின்னும் சிற்றுயிர்கள்' என்பது நான் வைத்த தலைப்பு. பூச்சியைக் கண்டு பதறுகிறவர் அப்படியா தேடுவார்?

அப்போதிருந்து இதை இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன். கட்டுரை தேடுபொறியின் இன்டெக்ஸில், அதாவது அது படித்துச் சேர்த்துவைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலில், ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால், எந்தச் சொற்களுக்கு எத்தனையாவதாக வருகிறது?

முதல் கேள்விக்கு விடை சீக்கிரம் கிடைக்கும். கட்டுரையின் நடுவிலிருந்து, வேறு யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லாத ஒரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். எட்டுப் பத்துச் சொல் போதும். கூகுள் 32 சொற்களுக்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. வாக்கியத்தை நினைவிலிருந்து தட்டாமல் கட்டுரையிலிருந்தே நகலெடுங்கள். 'புத்தகப் பூச்சி' என்று எழுதியிருப்போம், தட்டும்போது ஒற்று விட்டுப்போய் 'புத்தக பூச்சி' ஆகிவிடும். மேற்கோளுக்குள் அந்த ஒரு 'ப்' கூட விடையை மாற்றிவிடலாம். இப்படித் தேடும்போது நம் பத்தியைச் சொல்லாமல் எடுத்துப் போட்டவர்களும் அகப்படுவார்கள். என் கட்டுரையின் மூன்று பத்திகள் இன்னொரு இடத்தில் இருப்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

தளம் முழுவதையும் ஒரு பார்வை பார்க்க, ஆங்கில எழுத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் தள முகவரியை எழுதித் தேடலாம். ஆனால் இதில் எல்லாப் பக்கங்களும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பட்டியலில் இல்லாததாலேயே ஒரு பக்கம் இன்டெக்ஸில் இல்லை என்று ஆகாது.

தளம் உங்களுடையது என்றால், தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி கட்டாயம் வேண்டும். இலவசம்தான். தளத்துக்கு உரிமையாளர் நீங்கள்தான் என்று காட்ட, அவர்கள் தரும் சிறு குறியீட்டுத் துண்டைப் பக்கத்தில் சேர்ப்பது முதலிய சில வழிகள் உண்டு. உள்ளே போனதும் மேலே உள்ள பெட்டியில் கட்டுரையின் முழு முகவரியை ஒட்டினால், அது கூகுளில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இல்லை என்றால் காரணத்தையும் படியுங்கள். 'டிஸ்கவர்டு' என்று தொடங்கினால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். 'க்ரால்டு' என்று தொடங்கி, இன்டெக்ஸில் இல்லை என்று முடிந்தால் படித்துவிட்டது, சேர்த்துக்கொள்ளவில்லை. 'நோஇன்டெக்ஸ்' என்று வந்தால் சேர்க்க வேண்டாமென்று நம் பக்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது. தளத்தின் அமைப்புகளில் அப்படி ஒரு பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. என் கைப்பேசியில் தேடியது ஏன் தப்பு என்றால், நாம் முன்பு தேடியதையும் திறந்ததையும் வைத்து முடிவுகள் மாறக்கூடும். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் தேடினால் அந்தப் பழைய வரலாறு ஒதுங்கும். இருக்கும் இடமும் மொழி அமைப்பும் அப்போதும் கணக்கில் வரும். ஆகவே கையால் தேடிப் பார்ப்பது ஒரு சாட்சி மட்டுமே.

சர்ச் கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிதான் நான் அதிக நேரம் செலவிடும் இடம். அங்கே 'ஆவரேஜ் பொசிஷன்' பெட்டியைச் சொடுக்கினால்தான் இடம் தெரியும். முதலில் அது அணைந்தே இருக்கும். பிறகு 'பேஜஸ்' பட்டியலில் உங்கள் கட்டுரையைச் சொடுக்கி, அப்படியே 'க்வெரீஸ்' பக்கம் திரும்புங்கள். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு அந்தக் கட்டுரை காட்டப்பட்டது என்று வரிசையாக வரும். 16 மாதம் வரை பின்னால் போகலாம்.

என் பட்டியலைத் திறந்த அன்று வாசகர்களின் குரலை நேராகக் கேட்டதுபோல் இருந்தது. 'புத்தகத்தில் பூச்சி வராமல் இருக்க', 'பேப்பர் பூச்சி ஒழிப்பது எப்படி', இதே கேள்விகளை ஆங்கில எழுத்தில் தட்டியவை... என் தலைப்புச் சொற்கள் ஒன்றுகூட இல்லை. முதல் வாக்கியத்துக்கு என் சராசரி இடம் 17, அதாவது இரண்டாம் பக்கம்.

சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருவருக்கு 3-ஆவதாகவும் இன்னொருவருக்கு 21-ஆவதாகவும் வந்தால் அது 12 என்று காட்டும். 12-ஆம் இடத்தில் யாருமே பார்த்திருக்கமாட்டார்கள். பக்கத்திலேயே 'இம்ப்ரெஷன்ஸ்' எண்ணையும், அதாவது எத்தனை முறை காட்டப்பட்டது என்பதையும், பாருங்கள். இரண்டே முறை காட்டப்பட்ட சொல்லுக்கு முதல் இடம் என்றால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில் காட்டப்பட்டு 9, 12 என்று நிற்கும் சொல்தான் உழைக்க வேண்டிய இடம். மிக அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள் என்பதால் பட்டியலின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகாது, கவலை வேண்டாம்.

பிறர் நடத்தும் தளத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. அவர்கள் ஒரு நோட்டில் ஏழெட்டுத் தேடல் வாக்கியங்களை எழுதிவைத்து, மாதம் ஒருமுறை மறைநிலையில் தேடி, தேதியும் இடமும் குறித்துக்கொள்ளலாம். வாக்கியங்களை நீங்களே யோசிக்காதீர்கள், அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம், "இதை எப்படித் தேடுவாய்?" என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கையும் விட்டுவிட வேண்டாம். டக்டக்கோ என்ற இன்னொரு தேடுபொறியின் முடிவுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பிங்கின் இதே போன்ற கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோல் விவரத்தை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளலாம்.

நான் கட்டுரையின் தலைப்பை 'புத்தகத்தில் பூச்சி வராமல் இருக்க என்ன செய்யலாம்?' என்று மாற்றினேன், முதல் பத்தியையும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். அப்புறம் 28 நாள் தொடவில்லை. அதற்குப் பிறகு, தேதித் தேர்வில் உள்ள ஒப்பீட்டு வசதியில் முந்தைய 28 நாளோடு வைத்துப் பார்த்தேன். 17 என்பது 8 ஆகியிருந்தது. 'பேப்பர் பூச்சி' மட்டும் அசையவே இல்லை. கட்டுரையில் தேடிப் பார்த்தால், அந்தச் சொல்லை நான் ஓர் இடத்தில்கூட எழுதியிருக்கவில்லை.