எம்எல்ஏ நோட்டீஸில் கோடிகளைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று நம்மவர்கள் நிறைந்த எந்தப் பகுதியில் இருந்தாலும், பட்ஜெட் முடிந்த கையோடு ஒரு நோட்டீஸ் வரும். மேலே எம்எல்ஏ படம், கீழே கட்டம் கட்டமாகத் தொகைகள். பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். கன்னடம் சரளமாகப் பேசுகிற நம்மில் பலருக்கு அதைப் படிக்க வராது. அதனால் எங்கள் தெருவில் நான்தான் படித்துச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள், அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எழுதியிருக்கும் தொகையெல்லாம் வந்துவிட்ட பணம் என்று நினைத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. மூன்று கன்னடச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'மஞ்சூரு' என்றால் ஒப்புதல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 'பிடுகடெ' என்றால் பணத்தை விடுவித்துவிட்டார்கள். 'வெச்ச' என்றால் செலவாகிவிட்டது. ஒரு தெருவின் கால்வாய்க்கு 40 லட்சம் மஞ்சூரு என்று போட்டிருந்தால், அதற்கப்புறம் டெண்டர் விட வேண்டும். கர்நாடகத்தில் அதற்கென்றே 1999-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. டெண்டர் முடிந்து, ஒப்பந்தக்காரர் கையில் வேலை உத்தரவு கிடைத்த பிறகுதான் கடப்பாரை இறங்கும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வேலை தொடங்குவதற்கான குத்தலி பூஜை நடந்து, ஸ்வீட் சாப்பிட்டு, பிறகு இரண்டு மழைக்காலம் அதே சாக்கடைத் தண்ணீரில் நடந்தவர்கள் நாங்கள். அதனால் 'எவ்வளவு?' என்று கேட்பதோடு விடாதீர்கள். 'எந்த நிலையில் இருக்கிறது, ஜாப் நம்பர் என்ன?' என்று கேளுங்கள். மாநகராட்சி வேலை ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு எண் உண்டு. அது கையில் இருந்தால் இஞ்சினியரிடம் பேசுவது எளிது.

அடுத்தது, மாநிலக் கணக்கைத் தொகுதிக் கணக்காகப் படிப்பது. 2025-26 பட்ஜெட்டின் மொத்த அளவு சுமார் 4.09 லட்சம் கோடி. அதில் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு 51,034 கோடி. இவை மாநிலம் முழுமைக்கும் உள்ள தொகைகள், 224 தொகுதிகளுக்கும் சேர்த்து. எம்எல்ஏ தானாகப் பரிந்துரைக்கக்கூடிய தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 2 கோடி. தொகுதியில் 2 லட்சம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 100 ரூபாய். அந்தப் பணமும் மாவட்ட துணை ஆணையர் வழியாகத்தான் போகும். இது தெரிந்திருந்தால் எம்எல்ஏவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று நமக்கே புரிந்துவிடும்.

எல்லாப் புகாரையும் அவரிடமே கொண்டுபோவதும் இப்படித்தான். 2020 செப்டம்பரில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துபோனதால், கவுன்சிலரிடம் போக வேண்டியதெல்லாம் எம்எல்ஏ அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தது. ஆனால் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் வேலை, மின்சாரம் பெஸ்காமின் வேலை. 2025 செப்டம்பரிலிருந்து மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

இனி, அந்த உத்தரவாதத் திட்டங்களில் நம் கைக்கு நேராக வர வேண்டியவை. நோட்டீஸில் 'இத்தனை ஆயிரம் பயனாளிகள்' என்று பார்த்துவிட்டு, நாமும் அதில் இருப்போம் என்று சும்மா இருந்துவிடுகிறோம். பல வீடுகளில் பணம் நழுவிப் போவது இங்கேதான்.

பெண்களுக்கான கிருக லட்சுமி திட்டத்தின் மாதம் 2,000 ரூபாய் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. கார்டு கர்நாடகக் கார்டாக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் தமிழ்நாட்டுக் கார்டை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. அவரோ கணவரோ வருமான வரி கட்டினால் கிடைக்காது. 'எனக்கு வரவே இல்லை' என்று சொன்ன ஒரு அக்காவுக்குப் பணம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. எப்போதோ ஆதாரோடு இணைத்து மறந்துபோன பழைய வங்கிக் கணக்கில்.

சக்தி திட்டத்திலும் அதே கதை. 2023 ஜூன் 11-இலிருந்து பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் கர்நாடகத்தில் வசிப்பவர் என்பதற்கு அடையாளம் காட்ட வேண்டும். இருபது வருடமாக இங்கே வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், ஆதாரில் திருவண்ணாமலை முகவரியை மாற்றாததால் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். முகவரியை மாற்ற ஒரு நாள் லீவு போட்டாலும் தகும். ஏசி பஸ்ஸிலும் மாநிலம் கடந்து போகிற பஸ்ஸிலும் இது செல்லாது.

வீட்டுக்கு இலவச மின்சாரம் தரும் கிருக ஜோதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாடகை வீட்டில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். '200 யூனிட் இலவசம்' என்று நோட்டீஸில் ஒரே வரி இருக்கும். உண்மையில் 2022-23-இல் அந்த வீட்டில் மாதச் சராசரியாக எவ்வளவு ஓடியதோ, அதோடு 10 சதவீதம் கூட்டிக்கொள்வார்கள். சராசரி 90 யூனிட் என்றால் 99 வரை இலவசம். நீங்கள் 120 ஓட்டினால் மிச்சம் 21 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். கோடையில் கூலர் வாங்கிப் போட்டுவிட்டு பில்லைப் பார்த்துப் பதறுவது இதனால்தான்.

வீடு மாறும்போது பழைய வீட்டு மின் இணைப்போடு உங்கள் ஆதார் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை நீக்காமல் புது வீட்டுக்குப் பதிவு செய்ய முடியாது. நீக்கும் வசதி 2024-இல் வந்துவிட்டது, அரசின் சேவா சிந்து இணையதளத்திலேயே செய்யலாம். அட்வான்ஸைத் திருப்பி வாங்குகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள்.

தொகை என்ன ஆனது என்று எழுதிக் கேட்க நினைத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் மனு ஒரே விஷயத்தைப் பற்றி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் எடுக்க மாட்டார்கள். கன்னடம் படிக்கும் பிள்ளை எந்தத் தெருவிலும் இருக்கும், கூப்பிட்டு உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்: இந்த ஜாப் நம்பர், மஞ்சூரு எவ்வளவு, பிடுகடெ எவ்வளவு, வெச்ச எவ்வளவு.