மார்பிள், கடப்பா, கிரானைட்: பளபளப்பு போகாமல் கல் தரையைச் சுத்தம் செய்வது எப்படி?

"கொஞ்சம் ஆசிட் ஊத்தித் தேய்ச்சா எல்லாக் கறையும் போயிடும்" என்று யாராவது சொன்னால் பாட்டிலைக் கையில் எடுக்காதீர்கள். சில கற்கள் அதைத் தாங்கலாம். உங்கள் வீட்டில் இருப்பது மார்பிளாக இருந்தால், கறையோடு பாலிஷும் சேர்ந்து போய்விடும்.

1. முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் சுண்ணாம்புக் குடும்பம். மக்ரானாவோ இத்தாலியனோ, விலை எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைப் புளிப்பான எது தொட்டாலும் அரிக்கும். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். எலுமிச்சையும் புளியும் அதை ஒன்றும் செய்யாது.

சந்தேகம் இருந்தால் பீரோவுக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் சொட்டு விழுந்த இடம் மங்கித் தெரியும்.

2. கறையா, அரிப்பா?

பலரும் சறுக்குவது இங்கேதான். டைனிங் டேபிளுக்குக் கீழே வட்டமாக ஒரு மங்கல் இருக்கிறது என்று வையுங்கள். நேர் மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் மட்டும் தெரியும். விரலால் தடவினால் சுற்றியுள்ள வழவழப்பு அங்கே இல்லை. அது அழுக்கே அல்ல. என்றோ சிந்திய ரசமோ தயிரோ பாலிஷை அரித்த இடம். எந்த லிக்விட் போட்டுத் தேய்த்தாலும் போகாது; தேய்க்கத் தேய்க்க மங்கல் இன்னும் பரவத்தான் செய்யும். அதற்குத் தேவை மறு பாலிஷ்.

கறை அப்படி இல்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறித் தெரியும், தொட்டால் வழவழப்பு அப்படியே இருக்கும். இதை எடுக்க வழி உண்டு. ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

3. நனைக்கும் முன் தூசியை எடுங்கள்

மணலில் இருப்பது குவார்ட்ஸ். 1 முதல் 10 வரை போகும் கடினத்தன்மை அளவில் அது 7, மார்பிள் சுமார் 3. மண்ணோடு ஈர மாப்பை இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மென்மையான பூந்துடைப்பத்தாலோ உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்பாலோ முதலில் கூட்டி எடுங்கள். வாசலிலிருந்து காலில் ஒட்டி வரும் கோலமாவும் பெரும்பாலும் கல்பொடிதான், அதனால் நிலைப்படிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கால்மிதி போடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

4. இரண்டு வாளித் துடைப்பு

ஒரு வாளியில் கல் தரைக்கென்றே விற்கும் நியூட்ரல் கிளீனர் (அமிலமும் காரமும் இல்லாதது, பி.எச். 7 அருகில்), லேபிளில் போட்டிருக்கும் அளவு. இன்னொன்றில் வெறும் தண்ணீர். கிளீனரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, சின்னப் பகுதியாகத் துடையுங்கள். மாப்பை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு மீண்டும் கிளீனரில் நனையுங்கள். தண்ணீர் கலங்கியதும் மாற்றிவிட வேண்டும். முடிந்ததும் நல்ல தண்ணீரால் ஒருமுறை, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. தரையில் தண்ணீர் தேங்கவே கூடாது.

"நிறைய ஊற்றினால் நிறைய சுத்தம்" என்று அளவைக் கூட்டாதீர்கள். மிஞ்சிய கிளீனர் பிசுக்காகப் படிந்து, காலடித் தடம் எல்லாம் பதியும்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரால் தரை துடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு அதிகம். காய்ந்தால் வெள்ளைப் பூப்பு நிற்கும். அந்தத் தண்ணீரை பாத்ரூமுக்கு வைத்துக்கொண்டு, மார்பிளுக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள்.

5. கறைக்குப் பற்று

வெளிர் நிறக் கல்லில் மஞ்சள், காபி, டீ கறை என்றால் சமையல் சோடாவை ஹைட்ரஜன் பெராக்சைடில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, கறைமேல் கால் அங்குல கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்து, பற்றை முழுக்கக் காயவிட்டு, மரக்கரண்டியால் மெதுவாக எடுத்துத் துடையுங்கள். காயும்போதுதான் கறை கல்லுக்குள்ளிருந்து மேலே வரும், அவசரப்படாதீர்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் திரும்பப் போடலாம். மஞ்சள் கறையில் சோப்போ சோடாவோ பட்டு சிவந்தால் பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது.

பூஜை அறை விளக்கெண்ணெய்க் கறைக்கு பெராக்சைடு வேண்டாம். சமையல் சோடாவும் தண்ணீரும் போதும். கறுப்புக் கல்லில் பெராக்சைடு போடவே போடாதீர்கள், நிறம் வெளுக்கலாம்.

பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாதவை

ஆசிட், வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர், பச்சை நிற ஸ்க்ரப்பர், சபீனா மாதிரித் தேய்க்கும் பொடி. புது வீட்டில் சிமென்ட் கறை எடுக்க ஆசிட் ஊற்றுவது வழக்கம். மார்பிள் போட்ட வீட்டில் மேஸ்திரியிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆசிட்டும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு வரும். இது தரைக்கல்ல, உங்கள் உயிருக்கே ஆபத்து.

மெஷின் வைத்துச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டால், மெஷினுக்கு அடியில் மாட்டும் தேய்ப்பு வட்டமான பேடின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையும் சிவப்பும் மென்மையானவை. கறுப்பு பேடு பழைய மெழுகை உரித்தெடுப்பதற்கானது, பாலிஷ் செய்த மார்பிளில் அதற்கு வேலையில்லை.

சீலர் வேண்டுமா?

சீலர் என்பது கல் கறையை உறிஞ்சாமலிருக்கப் பூசும் திரவம். அது வேண்டுமா என்று தெரிய, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு பத்து நிமிடம் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் அடிக்கலாம். சொட்டு முத்தாகவே நின்றால் இப்போதைக்குத் தேவையில்லை. "சீலர் அடிச்சாச்சு, இனி எது சிந்தினாலும் கவலையில்லை" என்று விற்பவர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்: கறை உள்ளே இறங்குவதைத்தான் அது தாமதப்படுத்தும், எலுமிச்சை அரிப்பதைத் தடுக்காது. ரசம் சிந்தினால் சீலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே ஒற்றி எடுங்கள். இழுத்துத் துடைத்தால் இன்னும் பரவும்.