டொராண்டோ பக்கம் செப்டம்பர் வந்தாச்சு: குடும்பத்தோட வெளிய போறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபர் டே முடிஞ்சு ஸ்கூல் திறந்ததும் நம்ம ஆளுங்க நிறைய பேர் சம்மர் போச்சுன்னு வீட்டுக்குள்ள அடைஞ்சிடறாங்க, அப்புறம் அக்டோபர் ரெண்டாவது திங்கக்கிழமை வர்ற தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்டுல எல்லாத்தையும் ஒரேயடியா பாத்துடணும்னு கார எடுத்துட்டு கிளம்பறாங்க. என்னைக் கேட்டா பெரிய தப்பே இதுதான். அதிகமா வேர்க்காம, குளிர்ல நடுங்காம குழந்தைங்க வெளிய ஓடியாட இந்த ஊர்ல கிடைக்கறதே இந்த சில வாரம் தான்.

வார நாள்ல ஸ்கூல் விட்டு வந்ததும் "முதல்ல ஹோம்வொர்க், அப்புறம் பார்க்"னு சொல்லாதீங்க. செப்டம்பர் ஆரம்பத்துல சூரியன் மறைய 7.50 ஆகும், மாசக் கடைசில 7 மணி, தேங்க்ஸ்கிவிங் சமயத்துல 6.35 தான். ஹோம்வொர்க் முடிச்சு நிமிர்ந்தா இருட்டிடும். முதல்ல விளையாடட்டும், வெளக்கு வெளிச்சத்துல படிச்சுக்கலாம்.

இலை நிறம் மாறறத பாக்க அல்கான்குவின் பார்க் போறவங்க தான் அதிகமா ஏமாறறாங்க. அது டொராண்டோவ விட வடக்க, உயரமான இடம், அங்க சுகர் மேப்பிள் சிவப்பாகி உச்சத்துக்கு வர்றது பெரும்பாலும் செப்டம்பர் கடைசிலருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள. தேங்க்ஸ்கிவிங்குக்கு போனா பல வருஷம் மேப்பிள் இலை பாதிக்கு மேல கொட்டியிருக்கும், ஆஸ்பென், பிர்ச் மரங்களோட மஞ்சள் தான் மிச்சம் (அதுவும் அழகு தான், ஆனா சிவப்பு பாக்கணும்னு குழந்தைங்க கிட்ட சொல்லி கூட்டிட்டு போயிருப்பீங்கல்ல). ஒன்டாரியோ பார்க்ஸ் தளத்துல எந்த பார்க்ல எவ்வளவு நிறம் மாறியிருக்குன்னு சீசன் முழுக்க போடறாங்க, அத பாத்துட்டு தேதி முடிவு பண்ணுங்க. பார்க்குக்குள்ள போக வேண்டிய டே பெர்மிட்ட (ஒரு நாள் அனுமதி) ஆன்லைன்ல முன்கூட்டியே எடுக்காம மூணு மணி நேரம் ஓட்டிட்டுப் போய் கேட்ல நிக்காதீங்க, வீக்கெண்ட்ல நிரம்பிடும். முடிஞ்சா ஸ்கூல் லீவு விடற பி.ஏ. டேல போங்க. திரும்பறப்ப ஹைவே 60ல இருட்டறதுக்குள்ள வெளிய வந்துடுங்க, அந்த நேரத்துல மூஸ் (பெரிய மான் வகை) ரோட்டுக்கு வரும், கருப்பா இருக்கறதால கிட்ட வர்ற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது. அந்த வாரம் தவறிடுச்சுன்னாலும் கவலைப்படாதீங்க, ரூஜ் பார்க், ஹை பார்க் பக்கமெல்லாம் அக்டோபர் நடுவுல தான் களை கட்டும்.

ஆப்பிள் பறிக்கப் போறவங்க எந்த வகை எப்ப பழுக்கும்னு கேக்காமலே போயிடறாங்க. மெக்கின்டாஷ், காலா எல்லாம் செப்டம்பர் நடுவுல, ஹனிகிரிஸ்ப் அதையொட்டி, நார்தர்ன் ஸ்பை அக்டோபர்ல தான். ஹனிகிரிஸ்ப் தான் வேணும்னா தோட்டத்துக்கு போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க. குழந்தைங்க பழத்தப் பிடிச்சு கீழ இழுக்கறாங்க, கிளையோட ஒடிஞ்சு வரும், அடுத்த வருஷம் பூ வர வேண்டிய மொட்டும் அதோட போயிடும். பழத்த உள்ளங்கையில ஏந்தி மேல்பக்கமா லேசா திருப்பினா தானா வந்துடும், முதல் மரத்துலயே இதச் சொல்லிக் குடுங்க. கீழ விழுந்து கிடக்கறத கழுவாம கடிக்க விடாதீங்க, மான், பறவை எச்சமெல்லாம் பட்டிருக்கும். ஜூஸ் கேன திறந்து வச்சுட்டு மறந்துடாதீங்க, இந்த மாசம் குளவி இனிப்பத் தேடி உள்ள போயிடும். வீட்டுக்கு வந்து ஆப்பிள கேரட்டோட ஒரே டிராயர்ல போட்டா கேரட் கசக்கும், தனியா ஃப்ரிட்ஜ்ல வைங்க. மெக்கின்டாஷ் சீக்கிரம் மாவாயிடும், அத முதல்ல தீத்துடுங்க. சாப்பாடு கையில கொண்டு போறது நல்லது, அதுவும் புரட்டாசில சைவம் மட்டும் சாப்பிடற வீடுன்னா அங்க ஹாட்டாக் தவிர பெருசா எதுவும் இருக்காது. புளியோதரை கட்டினா கெடாது.

பணம் செலவில்லாத ஒண்ண ஸ்கார்பரோல இருக்கறவங்களே தவற விடறாங்க. செப்டம்பர், அக்டோபர்ல சினூக் சால்மன் ஏரியிலருந்து ஹைலண்ட் க்ரீக், ரூஜ் ஆறுல எதிர்நீச்சல் போட்டு முட்டை போட வரும். நல்ல மழை பெஞ்ச மறுநாள் போங்க, அப்பதான் மேல ஏறும். துள்ளறத பாக்கணும்னா போர்ட் ஹோப்ல கனராஸ்கா ஆறு. கல்ல எறியறது, தண்ணில எறங்கி வெரட்டறது, நாய அவுத்து விடறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த மீன் முட்டை போட்டதும் செத்துடும், கடைசி சக்திய அதுக்கு தான் சேத்து வச்சிருக்கு. கரையில செத்துக் கிடக்கறத பாத்து குழந்தை கேட்டா மூக்கப் பொத்திட்டு இழுத்துட்டு வராம நின்னு சொல்லுங்க.

குளிர் வந்தாச்சு, உண்ணி இருக்காதுன்னு நினைக்காதீங்க. 4 டிகிரிக்கு மேல இருந்தாலே அது சுறுசுறுப்பா இருக்கும், லைம் நோய் வர்றது அதால தான், ரூஜ் பக்கமும் இருக்கு. பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகி விடுங்க, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்னாடி, அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க, துணிய டிரையர்ல அதிக சூட்டுல 10 நிமிஷம் ஓட விடுங்க. கடிச்சிருந்தா எண்ணெய், நெருப்பெல்லாம் வைக்காம மெல்லிசான முனையுள்ள ட்வீசரால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, எடுத்தத ஒரு டப்பால போட்டு வச்சு டாக்டர் கிட்ட காட்டுங்க.