முதுகு வலியில் தொடங்கும் ஸ்பானிஷ் பாடம்

நாகர்கோவிலில் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன். 12 பேர் படிக்கிறார்கள். அதிலேயே டிசைன் திங்கிங்கும் சொல்லித்தருகிறேன்: ஒருவரின் கஷ்டத்தைக் கேட்டறிந்து, அதற்குத் தீர்வு செய்து, அவரிடமே சோதித்துப் பார்க்கும் முறை. இதைச் சொல்லித்தர விரும்பும் ஆசிரியர்கள் பலர் முதல் நாளே பரிவு, வரையறை, யோசனை, மாதிரி, சோதனை என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிசைன் பள்ளியான டி-ஸ்கூல் பரப்பிய ஐந்து கட்டங்களையும் பலகையில் எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நீங்கள் ஒரே வாக்கியத்தில் தொடங்குங்கள்: "மே துவேலே லா எஸ்பால்தா." சொல்லுக்குச் சொல், எனக்கு வலிக்கிறது முதுகு. ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு இது தலைகீழ். தமிழ்ப் பிள்ளைக்கோ வீட்டுப் பேச்சு. மே குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கும். மே மொலெஸ்தா, எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. மே ஃபால்தா, எனக்குக் குறைகிறது. ஒருவர் கஷ்டத்தைக் கேட்டு எழுத இந்த நான்கு வினைகள் போதும்.

விடிகாலையில் தோவாளைப் பூச்சந்தைக்கு அழைத்துப் போனேன். பேட்டி தமிழில்தான். பூக்கட்டும் அக்காவிடம் ஸ்பானிஷில் கேட்டால் கேலிக்கூத்து. குறிப்பு மட்டும் ஸ்பானிஷில், அவர் வாய்மொழியாகவே, "மே" போட்டு. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி அந்த அக்காவாக உட்கார வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். மரியாதைக்குரிய "உஸ்தெத்" (நீங்கள்) இருக்க, "தூ" (நீ) என்று தொடங்கியவனை வகுப்பே அதட்டியது.

வரையறையில்தான் கால் வழுக்கும். "அவருக்கு நாற்காலி தேவை" என்று எழுதுவார்கள். நாற்காலி விடையல்லவா? அதனால் என் வகுப்பில் ஒரு விதி: "நெசெசீதா"வுக்கு (அவருக்குத் தேவை) பின் பெயர்ச்சொல் கூடாது, வினைதான் வர வேண்டும். "நெசெசீதா சென்தார்சே சின் தோலோர்", வலியில்லாமல் உட்கார வேண்டும்.

யோசனைக்கு, "பொத்ரியாமோஸ்" (நம்மால் முடியுமே) என்று தொடங்கி ஆளுக்கு ஐந்து வாக்கியங்கள். செய்யலாமே என்ற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அன்று மட்டும் சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள்.

மாதிரிக்கு அட்டைப்பெட்டியும் ஒட்டு நாடாவும் போதும். எங்கள் பிள்ளைகள் முதுகுச் சாய்மானம் ஒன்று செய்து தோவாளைக்குத் தூக்கிப் போனார்கள். அக்கா சாய்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "சாய்ந்தால் பூவுக்குக் கை எட்டாதே, மக்களே. கூடையை உயர்த்தித் தாருங்கள்."

அன்று மாலை ஒருவன் தானாகவே பலகையில் எழுதினான்: "லே மொலெஸ்தா எல் ரெஸ்பால்தோ." அவருக்குச் சாய்மானம் தொந்தரவு. "மே" எப்போது "லே" ஆகும் என்று இரண்டு வாரமாக நான் சொல்லி ஏறாத பாடம் அது. மற்றவர்கள் அதற்குள் சாய்மானத்தைப் பிரித்துக் கூடைக்கு மேடை வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.