சால்ஸ்பர்க் பேராயர்களின் பரிசுப் பொற்காசுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்று ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க், 1803 வரை பேராயரே அரசராகவும் இருந்து ஆண்ட தனி நாடு. அங்கே பல டக்கட் (டக்கட் என்பது அக்காலப் பொற்காசு) எடையில் அடிக்கப்பட்ட பெரிய பொற்காசுகள், கடைத்தெருவில் புழங்குவதற்காக அன்றி, பெரும்பாலும் அன்பளிப்பாக வழங்குவதற்கென்றே உருவானவை. இதை மறந்து, அன்றாடக் காசைப் பார்க்கும் கண்ணோடு அவற்றைப் பார்ப்பதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, மதிப்பைக் காசின் முகத்தில் தேடுவது. தாலர் எனும் பெரிய வெள்ளிக் காசுக்கு வெட்டிய அதே அச்சில் தங்கத்தையும் அடிக்கும் வழக்கம் இருந்ததால், இத்தனை டக்கட் என்ற குறிப்பு பல காசுகளில் இருக்காது. தராசுதான் அதைச் சொல்ல வேண்டும். சால்ஸ்பர்க் அடங்கியிருந்த புனித ரோமப் பேரரசின் 1559ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு டக்கட் ஏறத்தாழ 3.49 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 986. ஆகவே பத்து டக்கட் காசு 34.9 கிராம் அளவில் நிற்கும். தங்க முலாம் பூசிய தாலர் 29 கிராமை ஒட்டியே இருக்கும். ஐயம் தீராவிட்டால் நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுக்கலாம்: பத்து டக்கட் பொற்காசு நீரில் 1.8 கிராம் அளவே எடை குறையும், முலாம் பூசிய வெள்ளியோ 2.8 கிராம் வரை குறையும். உரைகல்லில் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது.

சதுர வடிவத்தைக் கண்டு, யாரோ வெட்டிக் கெடுத்துவிட்டார்கள் என ஒதுக்குவதும் பிழை. பேராயர் வுல்ஃப் டீட்ரிஷ் காலத்தில், புயலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் கோபுரம் பொறித்த காசுகள் சதுரமாகவும் அடிக்கப்பட்டன. 'கிளிப்பே' எனப்படும் அந்த வடிவத்தைச் சேகரிப்போர் விரும்பித் தேடுகிறார்கள்.

உருவத்தை ஆட்சியாளராகக் கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. கையில் உப்புத் தொட்டியுடன் இருப்பவர் எந்தப் பேராயரும் அல்லர், அந்நகரின் காவல் புனிதரான ரூபர்ட். காசை வெளியிட்டவர் யார் என்பதைச் சுற்றெழுத்தும் குலச்சின்னமுமே காட்டும்.

விளிம்பைப் பார்க்காமல் விலை பேசுவதே பணத்தில் பெரிதும் அடிபடச் செய்வது. இத்தகைய காசுகளுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்ததுண்டு. பின்னர் வளையத்தை நீக்கி அரம் போட்ட தடம், சாய்வான வெளிச்சத்தில் விளிம்பின் உச்சியில் தட்டையாகத் தெரியும். அது போலி என்பதற்குச் சான்று அன்று, ஆனால் விலையைக் கணிசமாகக் குறைக்கும். அந்தத் தடத்தை மறைக்க மெருகேற்றினால் பரப்பின் இயல்பான பளபளப்பும் போய், மீதமிருக்கும் மதிப்பும் குறையும்.